தவளை முட்டையும் தூதுச் சீட்டும்



மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையிலும், செம்பனைக் கன்றுகளுக்கு இடையே வெட்டிய வாய்க்காலிலும் தவளைகள் கத்துவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். மறுநாள் காலையில் அந்த நீரின் ஓரத்தில் கொழகொழவென்று பசை போன்ற ஒன்று மிதக்கும். அதனுள்ளே கடுகு கடுகாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவைதாம் தவளையின் முட்டைகள். பிள்ளைகள் அவற்றை ஜாம் புட்டியில் அள்ளிவந்து வகுப்பறைச் சன்னலில் வைப்பார்கள். சில நாள்களில் புள்ளி நீண்டு, வால் முளைத்து, தலைப்பிரட்டையாகி நீந்தத் தொடங்கும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி ஒருநாள் அந்தப் புட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "சார், தலை எந்தப் பக்கம் வரணும், வயிறு எந்தப் பக்கம் வரணும்னு அந்தப் புள்ளிக்கு யார் சார் சொல்லிக் கொடுத்தது?" நான் "அதன் மரபணு" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். பின்னர் ஒரு நூலைப் படித்தபோதுதான், நான் சொன்னது பாதிக்குமேல் தவறு என்று தெரிந்தது. அந்தப் புள்ளியின் சொந்த மரபணுக்கள் முதல் சில மணி நேரம் வாய் திறப்பதே இல்லை. அப்படியானால் அதற்கு வழி சொல்வது யார்? அதை அறிவியலார் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்த வரலாற்றில் வரும் தவளை நம் வாய்க்காலில் கத்தும் தவளை அன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதிக் குளங்களில் வாழும் ஜெனோபஸ் என்னும் நகத்தவளை அது. அதற்கு நாக்குக் கிடையாது. பின்னங்கால் ஒவ்வொன்றிலும் மூன்று விரல்களில் கறுத்த நகம் உண்டு. பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். 1927ஆம் ஆண்டு லான்ஸ்லாட் ஹாக்பென் என்னும் ஆங்கிலேய விலங்கியலார் கேப் டவுன் நகருக்குப் பேராசிரியராகச் சென்றார். மாட்டின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் ஏற்றினால், இந்தப் பெண் தவளை முட்டையிடுகிறது என்பதை அவர் கண்டார். 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அதே நகரில் ஷாப்பிரோ, ஸ்வாரன்ஸ்டைன் என்னும் இருவர், கருவுற்ற பெண்ணின் சிறுநீரை ஏற்றினாலும் தவளை முட்டையிடும் என்று காட்டினார்கள். அவ்வளவுதான், உலகெங்கும் மருத்துவமனைகளுக்குத் தவளைகள் கப்பலேறின. ஒரு பெண் தாயாகப் போகிறாளா என்பதைத் தவளை சொல்லிற்று! அதற்கு முன் இதே சோதனைக்கு எலியையும் முயலையும் கொன்று அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தவளையோ முட்டையிட்டுவிட்டு உயிரோடு தொட்டிக்குத் திரும்பியது.

1960ஆம் ஆண்டுகளில் வேறு இரசாயனச் சோதனைகள் வந்து தவளையின் அந்த வேலையைப் பறித்துக்கொண்டன. ஆனால், ஊசி போட்டால் ஆண்டின் எந்த மாதத்திலும் நூற்றுக்கணக்கில் முட்டை தருகிற பிராணியை ஆய்வாளர்கள் விடுவார்களா? முட்டை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான குறுக்களவு. மனிதரின் கருமுட்டையோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரிகிற, கையால் எடுத்து வைக்கக்கூடிய, மெல்லிய கண்ணாடி ஊசியால் குத்தினாலும் உயிரோடு இருக்கிற ஓர் உயிரணு அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

இனி, உயிரணுவுக்குள் வேலை நடக்கும் முறையைச் சற்றுப் பார்ப்போம். அது தெரிந்தால்தான் மேலே போக முடியும்.

தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணியின் பொறுப்பில் ஒரு பேரேடு இருந்ததை வயதில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இந்தக் காலத்தில் அந்த இடத்தில் கணினி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பேரேடு அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. ஆலையில் ஒரு வேலை நடக்க வேண்டுமானால், வேண்டிய வரிகளை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் படியெடுத்து அனுப்புவார்கள். ஆலையில் உள்ளவர் சீட்டைப் படித்து வேலையைச் செய்வார். சீட்டு கிழிந்து போனால் அந்த வேலை நிற்கும். பேரேட்டுக்கு ஒன்றும் ஆகாது.

உயிரணுவிலும் இப்படித்தான். நடுவே உள்ள உட்கருவில் டி.என்.ஏ. என்னும் பேரேடு இருக்கிறது. அதிலிருந்து படியெடுத்து வெளியே அனுப்பப்படும் சீட்டுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். சீட்டில் உள்ளபடி புரதங்கள் செய்யப்படுகின்றன. இத்தகைய தூது உண்டு என்பதை 1961ஆம் ஆண்டு பிரென்னர், ஜேக்கப், மெசல்சன் என்னும் மூவர் சோதனையால் நிறுவினர். கொரோனா நோய்க் காலத்தில் நம்மில் பலர் போட்டுக்கொண்ட சில தடுப்பூசிகளில் இருந்ததும் இத்தகைய தூதுச் சீட்டுதான்.

பேரேடும் சீட்டும் நான்கே எழுத்துகளால் ஆனவை. டி.என்.ஏ.யில் ஏ, டி, ஜி, சி என்பவை அவை. ஆர்.என்.ஏ.யில் டி என்பதற்குப் பதில் யு வரும். இந்த எழுத்துகளுக்கு ஒரு குணம் உண்டு. ஏ என்பது டி அல்லது யு என்பதோடுதான் கைகோக்கும். ஜி என்பது சி என்பதோடுதான் கைகோக்கும். 1953ஆம் ஆண்டு வாட்சன், கிரிக் இருவரும் வெளியிட்ட டி.என்.ஏ. அமைப்பின் உயிர்நாடி இந்த இணைதான். ஆகவே, ஒரு சீட்டில் உள்ள எழுத்துகள் நமக்குத் தெரியுமானால், அவற்றுக்கு இணையான எழுத்துகளைக் கொண்ட ஒரு சிறு துணுக்கை நாம் செய்துவிடலாம். அந்தத் துணுக்கு ஆயிரமாயிரம் சீட்டுகளுக்கு நடுவே தன் இணையைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். இதற்குத்தான் ஆன்டிசென்ஸ் ஒலிகோ நியூக்ளியோடைடு என்று நீண்ட பெயர். நாம் எதிர்த்துணுக்கு என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம்.

பதினெட்டு எழுத்துத் துணுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்துகளைப் பதினெட்டு இடங்களில் மாற்றி மாற்றி வைத்தால், ஏறக்குறைய 6,870 கோடி வகைகள் வரும். பிள்ளைகள் நான்கை நான்கால் பதினேழு முறை பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே, ஒரு சீட்டை மட்டும் பெயர் சொல்லி அழைக்கப் பதினெட்டு எழுத்து போதும் என்று கணக்கு சொல்கிறது. இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பது பிற்காலத்தில் தெரிய வந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

1971ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கர்டனும் அவருடைய தோழர்களும் முயலின் இரத்தத்துக்குரிய தூதுச் சீட்டைத் தவளையின் முதிராத முட்டைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். முட்டை அந்த அயல் சீட்டையும் படித்து, முயலின் ஹீமோகுளோபினைச் செய்துவிட்டது. பள்ளியில் உயிரியல் பாடத்தில் கடைசி இடத்தில் நின்ற மாணவர் கர்டன். அவர் அறிவியலாராக நினைப்பது நகைப்புக்குரியது என்று ஆசிரியர் ஒருவர் அறிக்கையில் எழுதினார். கர்டன் அதைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார். 2012ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசு பெற்றார். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சீட்டைக் கொடுத்துப் பார்த்தாயிற்று. எடுத்துப் பார்ப்பது எப்படி? ஒருவருடைய வேலை என்ன என்பது, அவர் பெரட்டுக்கு வராத நாளில்தானே நன்றாகத் தெரிகிறது! அதுபோல, குறிப்பிட்ட ஒரு சீட்டை மட்டும் இல்லாமல் ஆக்கிவிட்டு, முட்டைக்கு என்ன குறை நேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

எதிர்த்துணுக்கை உயிருள்ள அணுக்களில் முதலில் பயன்படுத்திக் காட்டியவர்கள் அமெரிக்காவின் பால் ஜமெக்னிக், மேரி ஸ்டீபன்சன் என்னும் இருவர். 1978ஆம் ஆண்டு, கோழிக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு நச்சுயிரியின் ஆர்.என்.ஏ.க்கு எதிரான பதின்மூன்று எழுத்துத் துணுக்கைக் கோழி உயிரணுக்களோடு சேர்த்தார்கள். நச்சுயிரியின் பெருக்கம் குறைந்தது. பலர் இதை நம்பத் தயங்கினர். துணுக்கு உயிரணுவின் சவ்வைத் தாண்டி உள்ளே போயிருக்குமா என்பது அவர்களுடைய ஐயம். தவளை முட்டையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஊசியால் நேராக உள்ளே செலுத்திவிடலாம் அல்லவா?

1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் டக்ளஸ் மெல்டன், நீளமான எதிர் ஆர்.என்.ஏ. இழையை முட்டைக்குள் செலுத்தி, ஒரு சீட்டைப் படிக்க முடியாமல் தடுத்தார். அது சீட்டின்மேல் தாள் ஒட்டி மறைப்பது போன்றது. சிறிய டி.என்.ஏ. துணுக்கைச் செலுத்தியபோதோ வேறொன்று நடந்தது. சீட்டு மறையவில்லை, துண்டாகிப் போயிற்று.

வெட்டியது யார்? முட்டைக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் ஒரு நொதி. ரைபோநியூக்ளியேஸ் எச் என்பது அதன் பெயர். 1969ஆம் ஆண்டு ஸ்டைன், ஹவுசன் என்னும் இருவர் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியில் இதைக் கண்டுபிடித்திருந்தனர். ஆர்.என்.ஏ.யும் டி.என்.ஏ.யும் இணைந்து கிடக்கும் இடத்தைப் பார்த்தால், அது ஆர்.என்.ஏ.யை மட்டும் வெட்டும். டி.என்.ஏ.யைத் தொடாது. ஆகவே, சீட்டு வெட்டுண்டு விழுந்ததும் துணுக்கு முழுசாக விடுபட்டு அடுத்த சீட்டைப் பிடிக்கப் போகும். வெட்டுகிற கத்தி முட்டையுடையது. எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டுவது மட்டுமே ஆய்வாளரின் துணுக்கு. 1987ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாஷ், கேண்டல் முதலியோரும், 1988ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஷட்டில்வொர்த், கோல்மன் இருவரும் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். இவர்களுள் ஆலன் கோல்மன் பின்னாளில், டாலி என்னும் செம்மறியாட்டை உருவாக்கிய முயற்சியில் பங்குகொண்ட நிறுவனத்தில் ஆய்வுத் தலைவராக இருந்தார். 2002ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கே வந்து பணியேற்றார்.

இந்த முறை தவளை முட்டைக்கு ஏன் அவ்வளவு பொருத்தமாக அமைந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கருவுற்ற முட்டை முதலில் இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். பிறகு அரைமணிக்கு ஒருமுறை என்ற வேகத்தில் நான்கு, எட்டு, பதினாறு என்று பிரிந்துகொண்டே போகும். பன்னிரண்டாவது பிரிவு முடிந்து, ஏறக்குறைய நாலாயிரம் உயிரணுக்கள் ஆகும்வரை, கருவின் சொந்தப் பேரேடு பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. 1982ஆம் ஆண்டு நியூபோர்ட், கிர்ஷ்னர் இருவரும் இதை அளந்து காட்டினர். அதுவரை எல்லா வேலைகளையும் நடத்துவது தாய்த் தவளை முட்டைக்குள் முன்கூட்டியே கட்டிவைத்த சீட்டுகளும் புரதங்களும்தாம். பயணம் போகும் பிள்ளைக்குத் தாய் கட்டிக் கொடுத்த சோறு என்றே சொல்லலாம். அந்த நேரத்தில் ஒரு சீட்டைக் கத்தரித்துவிட்டால், பேரேட்டைத் திறந்து மறு சீட்டு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. குறை குறையாகவே நிற்கும். ஆய்வாளருக்கு அதுதானே வேண்டும்?

முதற்பயன் விரைவிலேயே கிடைத்தது. மோஸ் என்று ஒரு மரபணு. எலியில் புற்றுநோய் உண்டாக்கும் நச்சுயிரி ஒன்றின் மூலமாக முதலில் அறியப்பட்டது. நல்ல உடம்பில் அதற்கு என்ன வேலை என்பது விளங்காமல் இருந்தது. ஜப்பானியரான நொரியுகி சகாடா, அமெரிக்கப் புற்றுநோய்க் கழக ஆய்வுக்கூடத்தில் வாண்டி வூட் என்பவரோடு பணியாற்றியபோது, மோஸின் தூதுச் சீட்டுக்கு எதிரான துணுக்குகளைத் தவளையின் முதிராத முட்டைக்குள் செலுத்தினார். பிறகு, முட்டையை முதிரச் செய்யும் புரோஜெஸ்டரோன் என்னும் இயக்குநீரைக் கொடுத்தார். மற்ற முட்டைகள் முதிர்ந்தன. மோஸ் சீட்டை இழந்தவை முதிரவில்லை. 1988ஆம் ஆண்டு இது வெளியாயிற்று. அடுத்த ஆண்டே இன்னொன்றையும் கண்டார்கள். முதிர்ந்த முட்டை, ஆண் உயிரணு வந்து சேரும்வரை பிரியாமல் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கச் செய்யும் ஏதோ ஒரு பொருள் முட்டைக்குள் இருக்கிறது என்று யோஷியோ மசுயி என்பவர் 1971ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். அது என்னவென்று பதினெட்டு ஆண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தடையின் முக்கிய பங்காளி மோஸ் புரதமே என்று தெரிந்தது. புற்றுநோய்க்குப் பேர்போன ஒன்று, முட்டையைப் பொறுமையாகக் காத்திருக்க வைக்கும் காவலாளியாகவும் இருக்கிறது!

1989ஆம் ஆண்டு டிம் ஹன்ட் என்பவரும் மின்ஷல், புளோ என்னும் அவருடைய தோழர்களும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. 1982ஆம் ஆண்டு கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஹன்ட் ஒரு புதுமையைப் பார்த்திருந்தார். ஒரு புரதம் மெல்லச் சேர்ந்துகொண்டே வருகிறது. உயிரணு பிரியும் வேளையில் திடீரென்று மறைகிறது. மீண்டும் சேர்கிறது, மீண்டும் மறைகிறது. அதற்குச் சைக்ளின் என்று பெயர் வைத்தார். அது உயிரணுவைப் பிரியச் செய்யும் காரணமா, அல்லது பிரிவதோடு சும்மா கூட வந்து போவதா? காலையில் சேவல் கூவுகிறது, பொழுதும் விடிகிறது. சேவலால் பொழுது விடிகிறது என்று சொல்லிவிடலாமா? சேவலைப் பிடித்து அடைத்துவிட்டுப் பார்த்தால் அல்லவா தெரியும்!

ஹன்ட் குழுவினர் தவளை முட்டைகளை நசுக்கி எடுத்த சாற்றில் இதைச் செய்தனர். அந்தச் சாறு சோதனைக் குழாயில் இருந்தபடியே, உயிரணு பிரியும்போது நடக்கும் மாற்றங்களைச் செய்து காட்டும். சைக்ளின் பி1, சைக்ளின் பி2 என்று இரண்டு சீட்டுகள் அதில் இருந்தன. எதிர்த்துணுக்கால் ஒன்றை மட்டும் வெட்டினார்கள். ஒன்றும் நேரவில்லை, வேலை வழக்கம்போல் நடந்தது. இன்னொன்றை மட்டும் வெட்டினார்கள். அப்போதும் அப்படியே. இரண்டையும் சேர்த்து வெட்டியபோது எல்லாம் நின்றுவிட்டது. ஒருவர் வராத நாளில் இன்னொருவர் அவருடைய நிரையையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறார் அல்லவா, அதுபோல. இருவரும் வராத நாளில்தான் மரம் வெட்டாமல் நிற்கும். ஒன்றை நீக்கியும் குறை தெரியவில்லை என்பதால், அதற்கு வேலையே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதை இந்தச் சோதனை காட்டிற்று. அதே ஆண்டு மரே, கிர்ஷ்னர் இருவரும் மறுபக்கத்திலிருந்து வந்தார்கள். சாற்றிலிருந்த எல்லாச் சீட்டுகளையும் அழித்துவிட்டு, சைக்ளின் சீட்டை மட்டும் கொடுத்தார்கள். சாறு மீண்டும் இயங்கிற்று. சேவல் கூவியதால்தான் விடிந்தது என்பது இங்கே உறுதியாயிற்று. 2001ஆம் ஆண்டு ஹன்ட் நோபல் பரிசில் ஒரு பங்கு பெற்றார்.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். தலையும் வயிறும் எந்தப் பக்கம் என்று அறிய வேண்டுமானால், சீட்டை வெட்டிய முட்டை கருவுற்று வளர வேண்டும். இங்கேதான் பெரிய முட்டுக்கட்டை. சீட்டை முழுதாக நீக்குவதற்கு, முட்டை தாயின் வயிற்றில் முதிராமல் இருக்கும்போதே துணுக்கைச் செலுத்துவது நல்லது. ஆனால் வயிற்றிலிருந்து எடுத்த முட்டை கருவுறாது. தாயின் கருக்குழாய் வழியாக வரும்போதுதான் முட்டைமேல் அந்தக் கொழகொழப்பான பசை பூசப்படுகிறது. பசை இல்லாத முட்டைக்குள் ஆண் உயிரணு நுழைவதில்லை.

ஜேனட் ஹீஸ்மன், கிறிஸ் வைலி என்பவர்களும் அவர்களோடு உழைத்தவர்களும் இதற்குக் கண்ட வழியைக் கேட்டால் வியப்பாக இருக்கும். 1991ஆம் ஆண்டு அவர்கள் இதை வெளியிட்டார்கள். ஒரு தவளையின் சூலகத்திலிருந்து, முதிராத முட்டைகளை நுண்ணிய சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். துணுக்கைச் செலுத்தினார்கள். சீட்டு வெட்டுப்படக் காத்திருந்து, புரோஜெஸ்டரோன் கொடுத்து முதிரவைத்தார்கள். பிறகு முட்டைகளுக்குச் சாயம் ஏற்றினார்கள்! ஒரு கூட்டத்துக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், இன்னொன்றுக்குப் பழுப்பு. உயிருக்குக் கேடு செய்யாத சாயங்கள் அவை. அந்த வண்ண முட்டைகளை, மயக்க மருந்து கொடுத்த வேறொரு பெண் தவளையின் வயிற்றில் சிறு கீறல் வழியாக வைத்துத் தைத்துவிட்டார்கள். முட்டையிடும் நிலையில் இருந்த அந்த வளர்ப்புத் தாய், தன் முட்டைகளோடு சேர்த்து அவற்றுக்கும் பசை பூசி வெளியே இட்டது. தன் பிள்ளை, பிறர் பிள்ளை என்று அது வேற்றுமை பார்க்கவில்லை. ஆய்வாளர்கள்தாம் நிறத்தைப் பார்த்து, எது எந்தக் கூட்டம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஆண் தவளையின் உயிரணுக்களைச் சேர்த்ததும் வண்ண முட்டைகள் கருவுற்று வளர்ந்தன.

1994ஆம் ஆண்டு இந்த முறையில் பீட்டா கேட்டனின் என்னும் புரதத்தின் தாய்ச் சீட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். அந்தக் கருக்களில் முதுகுப்புறத்து உறுப்புகள் சரியாக உருவாகவில்லை. 1998ஆம் ஆண்டு வெக்டி என்னும் சீட்டை நீக்கினார்கள். முட்டையின் வெளிறிய அடிப்பகுதியில் தாய் ஒட்டிவைக்கும் சீட்டு அது. அதை இழந்த கருவில், குடலாக வேண்டிய அடிப்பகுதி உயிரணுக்கள் தம் வேலையை மறந்து, தோலும் தசையும் தரும் அடுக்குகளின் போக்கில் போய்விட்டன. ஆகவே, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்ற கேள்விக்கு முதல் விடை, தாய் என்பதே. முதுகு எந்தப் பக்கம் வரும் என்பதில் தகப்பனுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆண் உயிரணு நுழைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமே பெரும்பாலும் முதுகாகிறது. கருவின் சொந்த மரபணுக்கள் இதற்குப் பிறகுதான் பேசத் தொடங்குகின்றன. மறுவாரம் வகுப்பில் என் விடையைத் திருத்திச் சொன்னேன். "அப்ப நீங்க அன்னைக்குச் சொன்னது தப்பா சார்?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆனால், ஊசி குத்திய முட்டை கெட்டுப்போனால், சீட்டு இல்லாததால் கெட்டதா, ஊசியாலும் மருந்தாலும் கெட்டதா என்று எப்படித் தெரியும்? இந்த ஆய்வுகளின் மானமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வெறும் டி.என்.ஏ. துணுக்கை முட்டையிலுள்ள வேறு நொதிகள் சில நிமிடங்களிலேயே அரித்துவிடும். அரிபடாமல் இருக்க அதன் வேதியியல் அமைப்பை மாற்றினால், நெடுநேரம் நிற்கும். அப்படி நிற்பதே சிலவேளை முட்டைக்கு நஞ்சாகிவிடும். இரண்டு முனைகளை மட்டும் மாற்றி, நடுப்பகுதியை இயற்கையாக விட்ட துணுக்குகள் ஓரளவு நடுவழியாக அமைந்தன.

1992ஆம் ஆண்டு வுல்ஃப், மெல்டன், ஜென்னிங்ஸ் மூவரும் நாம் முன்னே போட்ட கணக்கின் ஓட்டையைக் காட்டினார்கள். வெட்டும் நொதிக்குப் பதினெட்டு எழுத்தும் பொருந்த வேண்டும் என்பதில்லை. பத்து எழுத்தளவு பொருந்தினாலே தவளை முட்டையில் சீட்டு வெட்டுப்படுகிறது என்று அவர்கள் கண்டார்கள். பத்து எழுத்துக்கு உள்ள வகைகளோ பத்து லட்சத்துக்குச் சற்று அதிகம்தான். அப்படியானால் குறிவைத்த சீட்டோடு, பாவம், அயல் சீட்டுகளும் கொஞ்சம் வெட்டுப்படும். இந்த முறையைப் பயன்படுத்தியவர்களே இதை எழுதி வெளியிட்டது என் மனத்தில் தனியே நிற்கிறது. தன் கத்தியின் குறையைத் தானே சொல்லும் வேலைக்காரனை நம்பலாம்.

இதற்கு மாற்று, நீக்கியதைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. துணுக்கு அரிபட்டு மறைந்த பிறகு, அதே சீட்டைப் புதிதாகச் செய்து முட்டைக்குள் செலுத்துவார்கள். முதுகு இழந்த கருவுக்குப் பீட்டா கேட்டனின் சீட்டையும், குடல் இழந்த கருவுக்கு வெக்டி சீட்டையும் அவ்வாறு கொடுத்தபோது குறை நீங்கிற்று. நஞ்சால் கெட்டதாக இருந்தால் அது தீர்ந்திருக்காது. ஒரே சீட்டின் வேறு வேறு இடங்களுக்குத் துணுக்கு செய்து, அவை எல்லாம் ஒரே குறையைத் தருகின்றனவா என்றும் பார்ப்பார்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு, சீட்டை வெட்டாமல் மறைத்து நிற்கும் மார்ஃபோலினோ என்னும் வகைத் துணுக்குகள் தவளை ஆய்வில் பெரிதும் பரவின. ஆயினும், தாய்ச் சீட்டை நீக்கிப் பார்க்க வண்ண முட்டை முறையை ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை.

மருந்துப் பக்கம் இதன் கதை நீண்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். எதிர்த்துணுக்கு மருந்துகளுள் முதலாவது 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எய்ட்ஸ் நோயாளிகளின் கண்ணைத் தாக்கும் நச்சுயிரிக்கு எதிரானது அது. எய்ட்ஸ் நோய்க்கே நல்ல மருந்துகள் வந்து தேவை குறைந்ததால் பின்னர் விற்பனையிலிருந்து விலகியது. 1978ஆம் ஆண்டு பலருடைய ஐயத்துக்கு ஆளான ஜமெக்னிக், அது வெளிவந்தபோது எண்பத்தைந்து வயதில் உயிரோடு இருந்தார். 2016ஆம் ஆண்டு, குழந்தைகளின் தசையை வாடச்செய்யும் முதுகுத்தண்டு நரம்பு நோய்க்கு ஒரு மருந்து வந்தது. அது சீட்டை வெட்டுவதில்லை. சீட்டு தயாராகும்போது நேரும் கோளாற்றைத் திருத்துகிறது. விலையோ ஏழை எட்டிப் பார்க்க முடியாத விலை.

2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபர்சன் என்னும் மருந்து, தவளை முட்டையில் கண்ட அதே வழியில் வேலை செய்வது. கைகால் இயக்கும் நரம்புகள் மெல்ல மெல்ல அழியும் நோய் ஒன்று உண்டு. அந்த நோயாளிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு இருவருக்கு எஸ்.ஓ.டி.1 என்னும் மரபணுவின் பிழை காரணமாக இருக்கிறது. அந்த மரபணுவின் தூதுச் சீட்டுக்கு எதிரான துணுக்கை முதுகுத்தண்டு நீரில் ஊசியால் செலுத்துகிறார்கள். சீட்டை வெட்டுவது நோயாளியின் சொந்த உயிரணுவில் இருக்கும் ரைபோநியூக்ளியேஸ் எச். சோதனையில், ஆறேழு மாதத்துக்குள் நோயாளியின் இயக்கத்தில் தெளிவான வேற்றுமை காட்டவில்லை. ஆனால் நரம்பு அழிவதைக் காட்டும் ஒரு பொருள் இரத்தத்தில் குறைந்தது. அதை வைத்தே அனுமதி கொடுத்தார்கள். பிழையான மரபணு இருந்தும் இன்னும் நோய் தொடங்காதவர்களுக்கு, முன்கூட்டியே இதைக் கொடுத்தால் நோயைத் தள்ளிப் போடலாமா என்ற சோதனையையும் தொடங்கினார்கள்.